தெருமுனையில் இரண்டு நிமிடம்

கிளாஸ்கோவில் மழை என்று எழுதுவது
மீன் நனைந்திருக்கிறது என்று எழுதுவது மாதிரி.
ஆனாலும் பெய்கிறது.
விடிகாலை ஐந்தே முக்கால்.
கார் நிறுத்துமிடத்தில் பதினாறு வேன்கள்,
முட்டை பொரியும் வாசனை,
என் தோளில் கரகரக்கும் வாக்கி டாக்கி.

ருவரிக்கு இருபத்தாறு வயது.
என் மகனைவிட இரண்டு மாதம் இளையவன்.
"எல்ஸ்பெத், காபி ஏழு.
ஒன்றில் ஓட்ஸ் பால்.
இயக்குநருக்கு எதுவும் கலக்க வேண்டாம், கோபமாயிருக்கிறார்."
புறங்கையில் குறித்துக்கொள்கிறேன்.
போன வருடம் இதே கை
ஒரு துறைமுகம் கைமாறிய ஒப்பந்தத்தில்
நாற்பத்திரண்டு இடங்களில் சுருக்கொப்பம் இட்டது.

இருபத்திரண்டு வயதில்
எட்டு மாதம் இந்த வேலை பார்த்திருக்கிறேன்.
அப்போது நிஜமாகவே ஓட வேண்டும்.
பிறகு சட்டம் படிக்கப் போனேன்,
கையில் கொஞ்சம் காசு சேரும் வரை என்று.
சேர்ந்தது.

அந்த அலுவலகத்தில்
நேரத்தை ஆறு ஆறு நிமிடமாய் நறுக்குவோம்.
ஜன்னலோரம் மழை பார்த்த ஆறு நிமிடத்துக்கும்
யாரோ ஒருவருக்கு ரசீது போனது.
ஏன் விட்டாய் என்று கேட்பவர்களுக்கு
மூன்று பதில் வைத்திருக்கிறேன்.
மூன்றும் பொய்யில்லை.
மூன்றும் போதவும் இல்லை.

பத்து மணிக்குத் துணை நடிகர்களிடம்
ஒப்புதல் படிவம் நீட்டுகிறேன்.
நான்காம் பிரிவில் ஓர் ஓட்டை,
லாரி நுழைந்து திரும்பலாம்.
கண் அங்கேயே போய் நிற்கிறது,
வலிக்கும் பல்லை நாக்கு தேடுவதுபோல.
ஷீனாவிடம் சொன்னேன், மெல்ல.
"அதையெல்லாம் சட்டப் பிரிவு பார்த்துக்கொள்ளும், கண்ணு.
பேட்டரி எங்கே?"
பேட்டரி எடுக்கப் போனேன்.
அன்று மாலை வரை வலித்தது,
முழங்காலும்
அந்த நான்காம் பிரிவும்.

இரவில் தெருமுனைக் காவல்.
"டேக்" என்று காதில் கேட்டதும்
யாரையும் உள்ளே விடக் கூடாது.
நாய், சைக்கிள், பீட்சா கொண்டுவரும் பையன்,
யாராயிருந்தாலும்.
"மன்னிக்கணும், இரண்டே நிமிடம்."

குடைக்குள் இருந்து டூகல்ட் கேர்ன்ஸ்.
பதினோரு ஆண்டு எதிர்த் தரப்பில் உட்கார்ந்தவன்.
என் மஞ்சள் கோட்டைப் பார்த்தான்,
ஈரம் சொட்டும் மூக்கைப் பார்த்தான்.
"இது... உன் கம்பெனியா?"
"இல்லை."
"முதலீடா?"
"இல்லை டூகல்ட். கொஞ்சம் மெதுவாகப் பேசு,
ஒலிப்பதிவு ஓடுகிறது."

நின்றான்.
ஒன்றும் பேசாமல், விலை ஏதும் கேட்காமல்
மனிதன் என் பக்கத்தில் நின்றான்.
தெருவிளக்கு ஒன்று அணைந்து எரிந்தது.
எங்களுக்குப் பின்னால் பேருந்து ஒன்று பெருமூச்சு விட்டது.
"கட்" என்றதும் கையை இறக்கினேன்.
போகும்போது திரும்பிப் பார்த்தான்.
பரிதாபம்தான் என்று வீட்டுக்கு வரும்வரை நினைத்தேன்.
ஷூவிலிருந்து தண்ணீரைக் கொட்டும்போது
அத்தனை நிச்சயமாக இல்லை.

சம்பளச் சீட்டைப் பார்த்து
ஒருமுறை குளியலறையில் அழுதேன்.
அதையும் சொல்லிவிட வேண்டும்.

பிப்ரவரியில் அந்த அத்தியாயம் ஒளிபரப்பானது.
மகன் சோபாவில், நான் தரையில்.
ஒரு பெண் தெருவைக் கடக்கிறாள்.
அவளுக்குப் பின்னால் பதினொரு விநாடி
காலியான தெரு, பளபளக்கும் ஈரம்,
ஒரு பூனைகூட இல்லை.
"நீ எங்கே இருக்கிறாய்?" என்றான்.
"அங்கேதான்" என்றேன்,
யாருமில்லாத இடத்தைக் காட்டி.
"யாரும் இல்லையே."
"ஆமாம்."

கடைசியில் பெயர்கள் வேகமாய் ஏறின.
என் பெயரில் ஓர் எழுத்து விட்டுப்போயிருந்தது.
திருத்தச் சொல்லி எழுத உட்கார்ந்தேன்,
முதல் வரியை மூன்று விதமாய் அடித்தேன்.
அதற்குள் போனில் ருவரி:
நாளை நாலே முக்கால்.
காலுறை இரண்டு ஜோடி கொண்டு வா.